காலையில் ஒரு வாக்கியம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பாகப் பேசியது)



கூட்டம் ஆரம்பிக்கும்போது நாம எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்றோம். ஒற்றுமையா இருப்போம், ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருப்போம் என்று வாய் சொல்லும். மனசு என்னவோ அடுப்பில் வைத்துவிட்டு வந்த உலையிலும் அஞ்சரை மணி பஸ்ஸிலும்தான் இருக்கும். அப்படி உறுதிமொழி சொன்ன அதே சாயங்காலம் எங்கள் குழு செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு.

எங்கள் உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து மூன்று தவணை கட்டவில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. வங்கிக் கடன் குழு பேரில் இருக்கு. ஒருத்தர் கட்டாவிட்டால் மற்ற பதினோரு பேரும் கைக்காசைப் போட்டுக் கட்டணும். கட்டினோம். கோபம் வராமல் இருக்குமா? கூட்டம் முடிந்த கையோடு ஏழெட்டுப் பேர் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். "வாங்கத் தெரிஞ்சவளுக்குத் திருப்பிக் கட்டத் தெரியாதா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டோம். பத்தாவது படிக்கிற அவர் மகன் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே எழுந்து போனான். அப்போது நாங்க அதைப் பெரிதாக எடுத்துக்கவில்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. திருப்பூருக்கு வேலைக்குப் போன கணவர் நான்கு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. வெளியே தெரிந்தால் கேவலம் என்று பக்கத்து வீட்டுக்குக்கூட மூச்சு விடாமல் இருந்திருக்கிறார். "குழுவில் சொல்லியிருக்கலாமே" என்றோம். "சொல்ற மாதிரியா நீங்க இருந்தீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

எங்களில் மூத்த அக்கா ஒருவர் டவுனில் உள்ள மனவளக்கலை மன்றத்துக்குப் போய் வருபவர். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்து, 2006-ல் மறைந்த வேதாத்திரி மகரிஷியை நம்மில் பலருக்குத் தெரியும். யார்மேல் கோபமோ அவரை மனதில் நினைத்து 'வாழ்க வளமுடன்' என்று தினமும் வாழ்த்தச் சொன்னவர் அவர். அக்கா இதைச் சொன்னதும் சிரித்துவிட்டோம். "கடன் கட்டாதவளை வாழ்த்தினால் கட்டிடுவாளா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "அவ கட்டுவாளோ மாட்டாளோ, உன் வாய் கொஞ்சம் அடங்கும்டி" என்றார் அக்கா.

அதிலிருந்துதான் இந்தப் பழக்கம் வந்தது. ஆளுக்கொரு வாக்கியம் வைத்துக்கொண்டோம். வாழ்த்து வேண்டாம் என்பவர் ஜெபத்திலோ துவாவிலோ சேர்த்துக்கொள்ளலாம். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க நமக்கு எங்கே முடியும்? எப்படியும் செய்கிற வேலை ஒன்றோடு சேர்த்துக்கொண்டோம். கோலம் போடும்போது, பால் பொங்குகிற வரைக்கும், குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும். அந்த நேரத்தில் வேறு நினைப்பு இல்லாமல், மூச்சு வந்து போவதைக் கவனித்தபடி மூன்று தடவை சொல்வது. மனசு ஓடும், கட்டாயம் ஓடும். திருப்பிக் கொண்டு வரணும், அவ்வளவுதான்.

வாக்கியம் அமைப்பதில் நாங்களும் தப்பு செய்தோம். 'எனக்குக் கோபமே வராது', 'நான் ரொம்ப நல்லவள்' என்று ஆரம்பித்தோம். உள்ளே இருக்கிற மனசு 'பொய் சொல்றே' என்றது. கனடாவில் 2009-ல் வெளிவந்த ஒரு ஆய்விலும் இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் தன்னைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மனசு இன்னும் சோர்ந்துதான் போகிறதாம். அதனால் இன்றைக்கே செய்யக்கூடிய சின்னதாக மாற்றினோம். 'இன்னிக்கு ஒருத்தர் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேச மாட்டேன்.' 'கேட்கிறதுக்கு முன்னாடி, சாப்பிட்டியா என்று கேட்பேன்.' ஒரு சகோதரி, 'என் மாமியாரும் ஒரு காலத்தில் மருமகள்தான்' என்று வைத்துக்கொண்டார். அதைச் சொல்வது மட்டும் கஷ்டமாக இருக்கு என்கிறார்!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லணும். 'எல்லாத்தையும் பொறுத்துக்குவேன்' என்று யாரும் வாக்கியம் வைக்காதீங்க. அடி வாங்குவது கருணை ஆகாது. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ல் சட்டமே வந்தாச்சு. 181-க்குப் போன் செய்யலாம், குழுவில் சொல்லலாம். இரக்கம் காட்டுவதில் நம்மையும் சேர்த்துக்கணும். 'நானும் களைச்சுப் போயிருக்கேன், கொஞ்சம் உட்காருவேன்' என்பதுகூட நல்ல வாக்கியம்தான்.

அந்தச் சகோதரி வீட்டுக்கு மறுபடி போனோம், இந்தத் தடவை இரண்டே பேர். மன்னிப்புக் கேட்டோம். அடுத்த கூட்டத்தில் தவணையைப் பாதியாக்கி, மீதியைக் குழுச் சேமிப்பிலிருந்து கட்டுவதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். இப்போது கூட்டத்துக்கு வருகிறார். இன்னும் இரண்டு தவணை பாக்கி இருக்கு. கேட்கத்தான் செய்கிறோம், ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கிறோம்.

அந்தப் பையன் மட்டும் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. எங்களைத் தெருமுனையில் கண்டாலே எழுந்து உள்ளே போய்விடுகிறான்.