எளிதில் புலனாவது எது? காட்சித்திரைக் கம்பித்தடங்களும் காப்புரிமை ஆய்வும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையே நிகழும் ஒரு கொடுக்கல் வாங்கல் எனப் பொருளியலார் கூறுவர். கண்டுபிடிப்பாளர் தம் கண்டுபிடிப்பின் நுட்பத்தை மறைக்காமல் எழுதித் தருகிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அதனைப் பிறர் தம் இசைவின்றிச் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. நாட்டுக்குப் புதிய அறிவு கிடைக்கும்போது இப்பரிமாற்றம் நியாயமானதே. ஆனால் தொழிலறிந்த எவரும் தாமாகவே செய்திருக்கக்கூடிய ஒன்றை எழுதித் தந்துவிட்டு, ஒருவர் 20 ஆண்டுத் தனியுரிமை பெறுவாராயின், நாடு விலையைக் கொடுத்துவிட்டுப் பண்டத்தைப் பெறாத நிலை ஏற்படும்.

இந்நிலை நேராமல் காப்பதற்காகவே சட்டம் மூன்று சோதனைகளை வைத்திருக்கிறது. கண்டுபிடிப்பு புதியதாக இருத்தல் வேண்டும். தொழிலில் பயன்படத்தக்கதாக இருத்தல் வேண்டும். அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் புலனாகாததாகவும் இருத்தல் வேண்டும். முதலிரண்டு சோதனைகளையும் ஓரளவு திட்டவட்டமாக நடத்தலாம். மூன்றாவதுதான் ஆய்வு அலுவலரின் அறிவுக்கும் நடுநிலைக்கும் உண்மையான சோதனையாகும்.

சட்டம் வளர்ந்த வழி

1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, எளிதில் புலனாகும் ஒன்றுக்கு அளிக்கப்பட்ட காப்புரிமையை நீக்க இடமிருந்தது. விடுதலைக்குப் பின், நீதிபதி இராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றுள் பெரும்பகுதி இந்நாட்டில் உற்பத்திக்கு வராமலே கிடப்பதையும் எடுத்துக்காட்டியது. அவ்வறிக்கையின் அடிப்படையில் எழுந்த 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கண்டுபிடிப்புத் திறனுக்கு வரையறை தந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இன்றைய வடிவில் அமைத்தது.

அவ்வரையறையின்படி, முன்பிருந்த அறிவோடு ஒப்பிடுகையில் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருத்தல் வேண்டும். அதோடு, அத்துறையில் தேர்ந்தவருக்கு அது எளிதில் புலனாகாததாகவும் இருத்தல் வேண்டும். பொருளாதார முக்கியத்துவம் மட்டும் இருந்தால் போதும் எனச் சிலர் கருதுவதுண்டு. இது சரியன்று. ஒரு பொருள் நன்றாக விற்பதற்கு விளம்பரமும் விலைக்குறைப்பும்கூடக் காரணமாகலாம். அவை கண்டுபிடிப்புத் திறனுக்குச் சான்றாகா.

இப்பொருளில் நம் நாட்டின் அடிப்படைத் தீர்ப்பு, உச்சநீதிமன்றம் 1978 டிசம்பர் 13 அன்று வழங்கிய பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்குத் தீர்ப்பாகும். மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் கடையும் தொழிலிலிருந்து எழுந்த வழக்கு அது. பழைய முறையில், கடையும்போது பாத்திரம் பிடியிலிருந்து எகிறித் தொழிலாளிக்கு ஆபத்து விளைவிக்கக்கூடும். அதனைத் தவிர்க்கும் ஓர் அமைப்புக்குப் பெற்ற காப்புரிமையே வழக்கின் பொருளாயிற்று. அமைப்பு பயனுள்ளதாக இருந்தது என்பது மட்டும் போதாது. அது பட்டறையில் இயல்பாகச் செய்யப்படும் சீர்திருத்தத்தைவிட மேம்பட்டதாக இருத்தல் வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அறிந்த உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்தால், அவை ஒன்றோடொன்று இயைந்து வேலை செய்து புதிய விளைவையோ மேம்பட்ட விளைவையோ தருதல் வேண்டும். வெறும் சேர்க்கை கண்டுபிடிப்பாகாது என்றும் விளக்கியது. அக்காப்புரிமை செல்லாததாயிற்று.

பித்தளைப் பாத்திரத்துக்குச் சொன்ன அளவுகோல் கண்ணாடித் தகட்டின்மேல் பதித்த நுண்ணிய கம்பித்தடங்களுக்கும் பொருந்துமா என்பது இயல்பாக எழும் கேள்வி. பொருந்தும் என்பதே விடை. ஆனால் அதனைப் பொருத்திப் பார்க்க அத்துறையின் நடைமுறையை ஆய்வாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

திரைக்குள் ஓடும் தடங்கள்

தொலைக்காட்சி, கணிப்பொறி, கைப்பேசி ஆகியவற்றின் தட்டையான திரை, எண்ணற்ற ஒளிப்புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 எனப் புள்ளிகள் அமைந்த ஒரு திரையை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு கூறுகளைக் கொண்டது. ஆக மொத்தம் 62,20,800 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுப்பது நடவாத காரியம். எனவே குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் இட்டு, அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டரை வைக்கின்றனர். நெடுக்குத் தடங்கள் 5,760. குறுக்குத் தடங்கள் 1,080. ஆக 6,840 தடங்களைக் கொண்டு 62 இலட்சம் கூறுகளையும் இயக்க முடிகிறது. விநாடிக்கு 60 முறை படம் மாறவேண்டுமாயின், ஒரு குறுக்கு வரிசைக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 15 மைக்ரோ விநாடிதான். அதற்குள் உரிய மின்னழுத்தம் ஒவ்வொரு கூறுக்கும் சென்று சேரவேண்டும்.

இங்கேதான் கம்பித்தட அமைப்பு முக்கியத்துவம் பெறுகிறது. திரையின் விளிம்பில் உள்ள சிறிய இயக்கச் சில்லிலிருந்து நூற்றுக்கணக்கான தடங்கள் விசிறிபோல் விரிந்து திரைக்குச் செல்கின்றன. நடுவிலுள்ள தடம் நேராகச் செல்வதால் குட்டையாகவும், ஓரத்திலுள்ளது சாய்ந்து செல்வதால் நீண்டும் இருக்கும். ஒன்று 10 மில்லிமீட்டர், மற்றொன்று 40 மில்லிமீட்டர் எனக் கொண்டால், ஒரே அகலமும் ஒரே தடிப்பும் உள்ள நிலையில், பின்னதன் மின்தடை நான்கு மடங்காகும். மின்தடை மிகுந்தால் மின்குறிப்பு தாமதமாகச் சேரும். அதன் விளைவாகத் திரையில் ஒளி ஏற்றத்தாழ்வு பட்டை பட்டையாகத் தெரியக்கூடும்.

இதனைச் சரிசெய்ய, குட்டையான தடத்தை வளைத்து வளைத்து நீளமாக்குவது ஒரு வழி. நீண்ட தடத்தை அகலமாக்குவது மற்றொரு வழி. இவ்விரண்டும் இத்துறையினர் நன்கு அறிந்தவை.

மூன்று விண்ணப்பங்கள்

விளக்கத்துக்காக மூன்று கற்பனை விண்ணப்பங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் விண்ணப்பம், முன்பு வெளியான ஓர் ஆவணத்தில் ஐந்து வளைவுகள் இருந்த இடத்தில் ஏழு வளைவுகளை இட்டு உரிமை கோருகிறது. அதே ஆவணம் ஏழு வளைவைக் காட்டாததால் இது புதியதுதான். ஆயினும் வேண்டிய மின்தடைக்கு ஏற்ப வளைவுகளைக் கூட்டுவதும் குறைப்பதும் வடிவமைப்பாளரின் அன்றாட வேலையாகும். ஏழு என்ற எண்ணால் எதிர்பாராத விளைவு ஏதும் கிட்டியது என்று காட்டப்படாதவரை, இது எளிதில் புலனாவதே.

இரண்டாம் விண்ணப்பம், ஓர் ஆவணத்தில் உள்ள வளைவு முறையையும் மற்றோர் ஆவணத்தில் உள்ள அகல மாற்ற முறையையும் ஒருசேரப் பயன்படுத்துகிறது. வளைவு தன் பங்கைச் செய்கிறது. அகலம் தன் பங்கைச் செய்கிறது. இரண்டின் கூட்டுத்தொகையே விளைவு. சட்டத்தின் 3ஆம் பிரிவின் (எஃப்) உட்பிரிவு, தத்தம் வேலையை அறிந்த முறையில் தனித்தனியே செய்யும் அறிந்த சாதனங்களை அடுக்குவதும், மாற்றி அடுக்குவதும், இரட்டிப்பதும் கண்டுபிடிப்பாகா எனக் கூறுகிறது. இவ்விண்ணப்பம் அவ்வுட்பிரிவின் வாயிலில் நிற்கிறது.

மூன்றாம் விண்ணப்பம் வேறுபட்டது. திரையின் விளிம்பு மிகக் குறுகியதாக இருப்பதால் வளைவுக்கும் இடமில்லை, அகலத்துக்கும் இடமில்லை. எனவே விண்ணப்பதாரர் மாறா மின்னழுத்தத்தில் உள்ள ஓர் உலோகப் படலத்தைத் தடங்களின்மேல் அமைத்து, குட்டையான தடங்களின்மேல் அதிகமாகவும் நீண்ட தடங்களின்மேல் குறைவாகவும் அது படியுமாறு செய்கிறார். இதனால் குட்டைத் தடங்களின் மின்தேக்குத் திறன் உயர்ந்து, தடத்தின் நீளம் கூடாமலே தாமதம் சமமாகிறது. தாமதம் மின்தடையையும் மின்தேக்குத் திறனையும் சேர்ந்தே பொறுத்தது என்பது பாடநூல் அறிவு. ஆனால் முன் ஆவணங்கள் அனைத்தும், தடத்தின்மேல் உலோகம் படிவது தீங்கு, அதனைக் குறைக்கவேண்டும் என்றே கூறிவந்தன என வைத்துக்கொள்ளலாம். அப்போது விண்ணப்பதாரர் வழக்கமான திசைக்கு எதிராகச் சென்று பயன் கண்டிருக்கிறார். பாடநூல் விதியை மட்டும் சுட்டி இதனை மறுப்பது முறையாகாது. அதே நேரத்தில், அச்சிட்ட மின்சுற்றுப் பலகைத் துறையில் இதே உத்தி இதே நோக்கத்துக்காக முன்பே விளக்கப்பட்டிருந்தால், திரை வடிவமைப்பாளர் அத்துறை ஆவணங்களையும் இயல்பாகப் பார்ப்பாரா என்று ஆராய்தல் வேண்டும். பார்ப்பார் என்றால் முடிவு மாறும்.

விடை தெரிந்தபின் வரும் எளிமை

ஆய்வாளரை வழிதவறச் செய்யும் பெருங்காரணம், விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கை எளிது என்று எண்ணுவதாகும். விண்ணப்பத்தைப் படித்து முடித்தவருக்கு அதிலுள்ள தீர்வு எப்போதும் எளிதாகவே தோன்றும். கம்பித்தட வரைபடங்கள் கண்ணுக்கு எளிமையாகத் தெரிவதால் இவ்விடர் இத்துறையில் மிகுதி. விண்ணப்பத்தின் முன்னுரிமை நாளன்று, அதனைக் கண்ணால் காணாத ஒரு தேர்ந்த தொழிலறிஞர் என்ன செய்திருப்பார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இதற்கு நீதிமன்றங்கள் முறையான வழி வகுத்துள்ளன. தேர்ந்தவர் யார் என வரையறுத்தல், கண்டுபிடிப்பின் கருவை அறிதல், அந்நாளைய பொது அறிவைக் கணித்தல், வேறுபாடுகளைக் காணுதல், பின்னோக்கு அறிவின்றி அவ்வேறுபாடுகள் எளிதில் புலனாகுமா என முடிவு செய்தல் என ஐந்து படிகளை டில்லி உயர்நீதிமன்றம் 2015இல் கூறியது. அதே நீதிமன்றம் 2022இல் அக்ரிபோர்டு வழக்கில், மறுப்பு ஆணையில் முன் ஆவணம் கூறுவது, விண்ணப்பம் கூறுவது, ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு புலனாகும் என்னும் மூன்றும் ஆராயப்பட்டிருத்தல் வேண்டும் என்றது. முன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, ‘எனவே புலனாகிறது’ என முடிக்கும் ஆணை நிற்காது. மறுபுறம், தேர்ந்தவர் வெறும் இயந்திரம் அல்லர், இயல்பான கற்பனைத் திறன் உடையவர் என்பதை அமெரிக்க உச்சநீதிமன்றம் மோட்டார் வாகன மிதிகட்டை பற்றிய 2007ஆம் ஆண்டு வழக்கில் வலியுறுத்தியது.

அண்டைச் சட்டம்

கம்பித்தட வடிவமைப்புக்கு வேறொரு சட்டமும் அண்டையில் உள்ளது. குறைகடத்தி ஒருங்கிணைந்த சுற்றுத் தளவமைப்புச் சட்டம், 2000, பதிவு செய்த தளவமைப்புக்கு 10 ஆண்டுப் பாதுகாப்பு அளிக்கிறது. குறைகடத்திப் பொருளின்மேல் மட்டுமன்றி, மின்கடத்தாப் பொருளின்மேல் பிரிக்கவியலாதவாறு உருவான சுற்றையும் அதன் வரையறை உள்ளடக்கும். கண்ணாடி மின்கடத்தாப் பொருள் என்பதை மறத்தலாகாது. ஒருங்கிணைந்த சுற்றின் தளவமைப்பு காப்புரிமைக்கு உரியதன்று எனக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் (ஓ) உட்பிரிவு கூறுகிறது. ஆகவே தடங்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்னும் வரைபடத்தையே உரிமையாகக் கேட்கும் விண்ணப்பம் தடுமாறும். எந்த இடர்ப்பாட்டை எந்த உறவால் தீர்க்கிறது என்று தொழில்நுட்ப மொழியில் உரிமை கேட்கும் விண்ணப்பமே ஆய்வுக்குத் தாக்குப்பிடிக்கும்.

இரு தவறுகளின் விலை

விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களில் வெளியிடப்படுகிறது. முதல் ஆய்வறிக்கைக்கு விடையளிக்க ஆறு மாதமும், கேட்டுப் பெற்றால் மேலும் மூன்று மாதமும் உண்டு. காப்புரிமை வழங்குமுன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழங்கியபின் ஓராண்டுக்குள் தொடர்புடையவர் எதிர்க்கலாம். மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின் மேல்முறையீடுகள் உயர்நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன.

இத்தனை வாயில்கள் இருப்பினும், தொடக்க ஆய்வில் நேரும் தவறு எளிதில் சரியாவதில்லை. எளிதில் புலனாவதற்குத் தனியுரிமை அளித்தால், திரை உற்பத்தியில் இறங்கும் புதிய நிறுவனம் ஒவ்வொரு வளைவுக்கும் ஒருவரிடம் இசைவு கேட்கவேண்டி வரும். வழக்குச் செலவுக்கு அஞ்சிச் சிறு தொழில்முனைவோர் ஒதுங்குவர். உண்மையான கண்டுபிடிப்பை மறுத்தால், தன் நுட்பத்தை எழுதித் தருவதைவிட மறைத்துவைப்பதே மேல் எனக் கண்டுபிடிப்பாளர் எண்ணுவார். முதல் தவறின் சுமையைப் பலர் சிறிது சிறிதாகச் சுமப்பதால் அது பெரும்பாலும் முறையீடாக எழுவதில்லை. இரண்டாம் தவறால் பாதிக்கப்படுபவர் ஒருவர் என்பதால் அவர் மேல்முறையீடு செய்வார். ஆய்வு அலுவலகத்தின் காதில் விழும் குரல் எப்போதும் பின்னவருடையதே. முன்னவர்கள் சார்பில் கேள்வி கேட்கும் கடமை ஆய்வாளருக்கே உரியது.

குறைகடத்தி, காட்சித்திரை ஆகியவற்றின் உற்பத்தியை வளர்க்க 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொழிற்சாலைக்கு மூலதனம் தேவைப்படுவது போலவே, தகுதியானதை ஏற்று மற்றதை விலக்கும் ஆய்வுத் திறனும் தேவை. அதற்கு மூன்று ஏற்பாடுகள் உதவும். தடவமைப்பு விண்ணப்பங்களை ஆராய்வோருக்கு உற்பத்திக் கூடங்களில் நேரடிப் பயிற்சி அளிக்கலாம். தேர்ந்தவரின் பொது அறிவு எது என்பதைத் துறைவாரியாகத் தொகுத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். பொறியியல் கல்லூரி மாணவர்கள் வெளியான விண்ணப்பங்களைப் படித்து, முன் ஆவணங்களைத் தேடும் பயிற்சியைப் பாடத்தின் பகுதியாக்கலாம். சட்டம் எவருக்கும் தந்துள்ள எதிர்ப்புரிமையை அறிவோடு பயன்படுத்தும் ஒரு தலைமுறை, இதன் வழியே உருவாகும்.