மேடைக்கு வந்த பறையும் மேடைக்கு வராத தோலும்



கே.ஏ. குணசேகரனை நினைவுகூரக் கூடியிருக்கிறோம். 2016 ஜனவரி 17 அன்று, பொங்கல் முடிந்த கையோடு அவர் நம்மை விட்டுப் போனார். ஆண்டுதோறும் அவருடைய நினைவு நாளும் அரசு நடத்தும் நாட்டுப்புறக் கலைவிழாவும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்துவிடுகின்றன. ஆகவே இந்த உரைக்குப் பொருள் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்து, பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர் அவர். 'வடு' எழுதியவர், 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தந்தவர். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையிலிருந்து பிறந்த இன்குலாபின் பாட்டைத் தன் குரலால் ஊர் ஊராகக் கொண்டுபோனவர். நாட்டுப்புறக் கலையை அவர் ஆராய்ந்தார், பாடினார், ஆடினார். ஆனால் அதை ஒருபோதும் அலங்காரப் பொருளாக வைத்துப் பேசியதில்லை. இது யாருடைய உழைப்பு என்ற கேள்வி அவர் வேலையில் எப்போதும் இருந்தது. அந்தக் கேள்வியைத்தான் இன்றைய விழா மேடையைப் பார்த்து நாம் கேட்கப்போகிறோம்.

2007இல் பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம் தொடங்கியது. சில ஆண்டுகள் நடந்து, ஆட்சி மாறியதும் நின்றது. 2023இல் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் வந்தது. கரகம், ஒயில், தேவராட்டம், தெருக்கூத்து, பொம்மலாட்டம், பறை எனப் பூங்காக்களிலும் மைதானங்களிலும் கலைஞர்கள் இறங்குகிறார்கள். பக்கத்திலேயே உணவுக் கடைகளும் கைவினைக் கடைகளும். இதை நாம் கொச்சைப்படுத்தப் போவதில்லை. டிசம்பர் முழுக்கச் சபாக்களின் கையில் இருக்கும் ஒரு நகரத்தில், ஜனவரியில் மயிலாப்பூர்ப் பூங்காவில் பறை ஒலித்தது சின்ன விஷயமில்லை. தாத்தா கையில் இருந்ததைச் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளைகள், அதே கருவிக்கு நகரத்துக் கூட்டம் கைதட்டியதைப் பார்த்தார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நம்மில் பலர் கண்கலங்கினோம். அந்த மகிழ்ச்சியில் பொய் எதுவும் இல்லை.

ஆனாலும் விழாவின் அமைப்பைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். இசை ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம், கைவினை இன்னொரு பக்கம் என்று அது பிரித்து வைத்திருக்கிறது. நாட்டுப்புறக் கலைவிழா என்றால் உலகம் முழுக்க ஏறக்குறைய இந்தப் பிரிவினைதான். பறையை இதில் எங்கே வைப்பது?

பறை எப்படி உருவாகிறது என்பதை இங்கிருக்கும் மாணவர்களுக்காகச் சொல்கிறோம். மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் இணைத்து வட்டச் சட்டமாக்குவார்கள். செத்த மாட்டின் அல்லது கன்றின் தோலை உரித்து, ஊறவைத்து, முடி நீக்கி, புளியங்கொட்டைப் பசை தடவிச் சட்டத்தில் இழுத்து ஒட்டுவார்கள். வெயிலில் காயும். அடிப்பதற்கு முன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். சூடேறினால்தான் ஒலி இறுகும். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி. சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, மருள் அடி, ஒத்தையடி என்று ஒவ்வொரு வேளைக்கும் ஓர் அடி உண்டு. அடிக்கிறவர் உட்கார்ந்து அடிப்பதில்லை. கால் தன்பாட்டுக்கு ஆட்டத்தில் இருக்கும். தோல் பதமிடுவதும், செய்வதும், அடிப்பதும், ஆடுவதும் ஒரே தெருவின் வேலை. பல வீடுகளில் ஒரே ஆளின் வேலை.

விழா இதில் ஒலியையும் ஆட்டத்தையும் எடுத்து மேடையில் வைக்கிறது. தோலை விட்டுவிடுகிறது. கைவினைக் கடைகளில் தஞ்சாவூர்த் தட்டும் பனையோலைப் பெட்டியும் சுடுமண் குதிரையும் இருக்கும். தோலைப் பதமிட்டுப் பறை கட்டும் மனிதரை அங்கே உட்காரவைத்து நாம் பார்த்ததில்லை. வீணை செய்வது கைவினை. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடே உண்டு. பறை செய்வது மட்டும் ஏன் பேசக்கூடாத வேலையாக இருக்கிறது? விடை நமக்குத் தெரியும். தீண்டாமையைச் சுமந்த பொருள் அந்தத் தோல். மரச்சட்டம் தீட்டில்லை, தாளம் தீட்டில்லை, தோல்தான் தீட்டு. இப்போது பல குழுக்கள் செயற்கைத் தோலுக்கு மாறியிருப்பதற்கு விலையும் மழையும் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறோம். விழா மைதானத்தில் தீ மூட்ட விடமாட்டார்கள் என்பதும் உண்டு. தளர்ந்த தோலோடு மேடை ஏறுவதைவிடச் செயற்கைத் தோல் மேல் என்று கலைஞர்கள் கணக்குப் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் யாருக்காக இந்தக் கணக்கு?

தோலைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 2016 ஜூலையில், கே.ஏ.ஜி. இறந்த அதே ஆண்டில், குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டிவைத்து நடுத்தெருவில் அடித்தார்கள். அடித்தவர்களே அதைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். இந்த நாடு தோற்கருவியின் ஒலியைத் தன் பாரம்பரியம் என்று குடியரசு நாள் அணிவகுப்பில் காட்டும். அந்தத் தோலை உரிக்கிறவரின் முதுகில் தடியை இறக்கும். இரண்டும் ஒரே காலத்தில் நடக்கின்றன. உனாவுக்குப் பிறகு குஜராத் தலித் மக்கள் என்ன செய்தார்கள் என்பதை மறக்க முடியாது. செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால் போட்டார்கள்.

கலைஞனை மேடைக்கு அழைத்துவிட்டு மனிதனை வாசலில் நிறுத்துவது நம் மாநிலத்தோடு முடிகிற பழக்கமில்லை. விடுதலைக்குப் பிறகு, தேசம் என்றால் என்ன என்று காட்ட அரசுக்குக் கிராமத்து ஆட்டங்கள் தேவைப்பட்டன. 1980களின் நடுவில் மண்டலப் பண்பாட்டு மையங்கள் வந்தன. தென்மண்டலத்துக்கான மையம் தஞ்சாவூரில் அமைந்தது. 1985இல் அமெரிக்காவில் இந்திய விழா நடந்தபோது வாஷிங்டனில் ஒரு மேளாவையே கட்டியெழுப்பினார்கள். டெல்லித் தெருக்களில் வித்தை காட்டிப் பிழைத்தவர்கள் அங்கே இந்தியாவின் பெருமையாக நின்றார்கள். அதே கலைஞர்கள் டெல்லித் தெருவில் ஆடிக் காசு வாங்கினால், பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தில் குற்றம். பாடுவது, ஆடுவது, வித்தை காட்டுவது எல்லாம் அந்தச் சட்டத்தின் வரையறையில் பிச்சைக்கான சாக்கு. டெல்லி உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைத் தள்ளுபடி செய்ய 2018 ஆக வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட கலைஞர்கள் வாழ்ந்த கட்புத்லி காலனி அதற்கு முந்தைய ஆண்டே இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்தது.

இங்கே திரும்புவோம். நம் விழாக்களில் தொகுப்பாளர் எப்படித் தொடங்குவார் என்பது உங்களுக்குத் தெரியும். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறையைச் சொல்கிறது, பறை ஆதித் தமிழனின் இசை, என்பார். பிறகு நேராக இன்றைய மேடைக்குத் தாவிவிடுவார். நடுவில் நூற்றாண்டுக் கணக்கான காலம் காணாமல் போய்விடும். புறநானூற்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்லும் பாட்டு உண்டு. அது சொல்வது குடிகளின் பெயரை. தொகுப்பாளர் கருவியின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறார். 'தமிழர் இசை' என்று சொன்னதும் எல்லாருக்கும் உரிமை வந்துவிடுகிறது. சாவு வீட்டு வாசலில் அடிக்கும் கடமை மட்டும் இன்னும் ஒரு தெருவுக்கே சொந்தமாக இருக்கிறது.

இந்த இடத்தில் நமக்குள்ளேயே இருக்கும் பழைய விவாதத்தைத் தொட வேண்டும். பறையை விடுவதா, எடுப்பதா? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் இதழ் தொடங்கியபோது இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே 'பறையன்' என்று தலைப்பாக வைத்தார். எம்.சி. ராஜா அந்தப் பெயர் அரசு ஆவணங்களிலிருந்து போக வேண்டும் என்று போராடினார். 1922இல் சென்னைச் சட்டமன்றம் 'ஆதிதிராவிடர்' என்பதை ஏற்றது. இருவரும் நம்முடைய தலைவர்களே. கருவியின் கதையும் அப்படித்தான். இளையபெருமாள் தென்னார்க்காட்டில் பறையடிக்க மறுக்கும் போராட்டங்களை நடத்தினார். மராட்டியத்தில் மகர்களின் பரம்பரை ஊர்வேலையைச் சட்டத்தால் உடைக்க அம்பேத்கர் 1928இல் மசோதா கொண்டுவந்தார். பறையை உடைத்து எரிந்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பிறகு அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த அலையில் பறை ஊர்வலங்களின் முன்னால் வந்தது, விடுதலையின் கருவி என்று பெயர் பெற்றது. பெண்கள் தொடாத அந்தக் கருவியைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் தோளில் மாட்டினார்கள்.

விட்டவர்களும் எடுத்தவர்களும் எதிரெதிர் அணியினர் என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிந்த பிறகுதான் அடிப்பது கலையாகிறது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் எவ்வளவு அழகாக அடித்தாலும் அது ஊழியம். மேடையில் கைதட்டு வாங்கிய கலைஞர் ஊருக்குத் திரும்பியதும், ஆதிக்கச் சாதி வீட்டுச் சாவுக்கு ஆள் வருகிறது. போகாவிட்டால் வயல் வேலை கிடையாது, கடையில் பொருள் கிடையாது. விழாவின் சான்றிதழைக் காட்டி அவர் அங்கே மறுக்க முடியுமா?

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 7ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. தீண்டாமையின் பேரால் ஒருவரைக் கூட்டச் சொல்வது, செத்த விலங்கை அகற்றச் சொல்வது, தோலுரிக்கச் சொல்வது, இவை போன்ற வேறு வேலையைச் செய்யச் சொல்வது குற்றம் என்கிறது. கட்டாயப் பறையடிப்பு அந்த 'இவை போன்ற வேறு வேலை'யில் வரும் என்பதே நம் வாதம். இதை வழக்கறிஞர் தோழர்கள் நீதிமன்றத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

விழாவுக்குள்ளேயே கேட்க வேண்டியதும் இருக்கிறது. பெரும்பாலான நிகழ்ச்சிகளில் பறைக்குழுவை எங்கே காண்கிறோம்? வாயிலில், சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும் இடத்தில். அவருக்கு முன்னால் அடித்துக்கொண்டே மேடை வரை நடந்து, மேடைப்படியோடு நின்றுவிட வேண்டும். பல்லக்குக்கு முன்னாலும் பாடைக்கு முன்னாலும் நடந்த அதே நடை இது. இயக்க மாநாடுகளிலும், சொல்லப்போனால் தலித் அமைப்புகளின் விழாக்களிலும் இதுவே நடக்கிறது. இதை நிறுத்தச் சொல்ல அரசாணை எதற்கு?

அழைப்பிதழில் கர்நாடக இசைக்கலைஞருக்குப் பெயர், பக்கவாத்தியத்துக்கும் பெயர். பறைக்கு 'குழுவினர்'. எட்டுப் பேர் அடித்தால் எட்டுப் பெயரும் ஊர்ப்பெயரும் அச்சாக வேண்டும். ஊதியம் ஒருங்கிணைப்பாளர் கை வழியாகப் போகாமல் கலைஞரின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ஒப்பனை அறை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் மற்றக் கலைஞருக்கு எப்படியோ அப்படி. தோலைக் காய்ச்சப் பாதுகாப்பான ஓர் இடம். கைவினை வரிசையில் பறை செய்பவருக்கு ஒரு கடை. அங்கே தோலும் புளியங்கொட்டைப் பசையும் எல்லார் கண்ணுக்கும் படட்டும். மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொள்ளட்டும். நலவாரிய அட்டை இல்லாமல் எத்தனையோ முதிய ஆசான்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதது அவர்கள் குற்றமில்லை.

இதில் மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். அடுத்த பொங்கலுக்கு முன் இந்த மாவட்டத்திலுள்ள பறைக்குழுக்களை ஊர்வாரியாகப் போய்ப் பார்த்து, அடிப்பவர் பெயர், செய்பவர் பெயர், அவர்களுக்குத் தெரிந்த அடிகள், நலவாரியப் பதிவு உண்டா இல்லையா, சாவுக்கு அடிக்க இன்னும் கட்டாயம் இருக்கிறதா என்று எழுதியெடுக்க இருக்கிறோம். குழுவாகப் போவோம், தனியாக யாரும் போக வேண்டாம். கேள்வித்தாள் வாசலில் மேசையில் இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.