கரும்பச்சையைப் பார்த்து ஏமாந்தேன்

எனக்கு மேடைப்பேச்சு வராது. மக்காச்சோளத்துல நான் பட்டதைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

2018-ல நம்ம பெரம்பலூர்ப் பக்கம் படைப்புழு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மறுவருஷம் நான் குழுக்கடன் வாங்கி ஒன்றரை ஏக்கர் மானாவாரியாக விதைத்தேன். ஒரு மழை பெய்ததும் ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியாவை ஒரே தடவையில் போட்டேன். பொட்டாஷ் விலை ஜாஸ்தின்னு விட்டுட்டேன். பத்தே நாளில் பயிர் கரும்பச்சை கட்டி நின்றது. ரோட்டில் போறவங்க நின்னு பார்த்தாங்க, எனக்கும் பெருமைதான். அடுத்த வாரம் குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம், உள்ளே புழு! மூன்று தடவை மருந்து அடித்தேன். தவணைக்கு வைத்திருந்த காசு மருந்துக்கடைக்குப் போனது. இரண்டு தவணை குழு அக்காமார்தான் கட்டினீங்க.

பக்கத்துக் காடு என் ஓரகத்தியோடது. ஆட்டுக்கிடை போட்டு, கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டிருந்தாள். யூரியாவைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிரித்துப் போட்டாள். அங்கேயும் புழு வந்தது, ஆனால் ஒரு மருந்தோடு நின்றது.

ஒரு காட்டை வைத்து முடிவு கட்டக்கூடாதுன்னு வேளாண்மை அலுவலரிடம் கேட்டேன். தழைச்சத்து அளவுக்கு மீறினால் இலை மெத்துன்னு ஆகி, சாற்றில் புழுவுக்கு வேண்டிய சத்து கூடிப்போகும், புழு சீக்கிரம் கொழுக்கும் என்றார். சாம்பல்சத்துதான் இலையையும் தண்டையும் உறுதியாக்குமாம். நான் மிச்சம் பிடித்ததே அதைத்தானே! இந்தப் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் வேப்பம் புண்ணாக்குக்கு அங்கேயும் வேலை உண்டு.

அதுக்காக யூரியாவே வேண்டாம்னு போயிடாதீங்க. பட்டினி கிடக்கிற பயிர், புழு தின்ன இலைக்குப் பதிலாகப் புது இலை விடத் திணறும். இறவையாக இருந்தால் தழைச்சத்தில் கால்பங்கு அடியுரம், 25-ஆம் நாள் பாதி, 45-ஆம் நாள் மிச்சம். மானாவாரிக்கு அளவே குறைவு, ஈரம் பார்த்துப் போடணும். உரம் சரியாகப் போட்டாலும் வாரம் இரண்டு தடவை குருத்தைப் பார்த்துத்தான் ஆகணும்.

புரட்டாசி விதைப்புக்கு முன்னால் மண் பரிசோதனைக்குச் சேர்ந்தே கொடுப்போம். வரப்போரம், மரநிழல், எருக்குழி பக்கம் வேண்டாம். பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழம் தோண்டி, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ கொண்டு வாங்க. பையில் பேரும் சர்வே நம்பரும் எழுதிடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை கூட்டத்திலே நான் வாங்கிக்கறேன்.