வானில் நான்கு மணி. வாசல் வரை எத்தனை மணி?

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை எனத் தாமிரபரணிக் கரையின் ஊர்கள் பலவற்றிலும் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிய வீடுகள் உண்டு. வீட்டில் மவ்த் நிகழ்ந்தால் நாம் கேட்கும் முதற்கேள்வி, "மகன் எத்தனை மணிக்கு வருவார்?" என்பதே. ஜனாஸாவைத் தாமதப்படுத்தலாகாது; மகன் முகம் பார்க்கவும் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது சரியான நேரக் கணக்கு.

அக்கணக்கில் நாமே ஒருமுறை தவறினோம். துபையில் இரவு 10 மணிக்கு விமானம், நான்கு மணி நேரப் பயணம் என்று மகன் தொலைபேசியில் கூறினார். அதிகாலை 2 மணிக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கி, 6.30 மணிக்கு வீடு சேர்வார் என எண்ணி, 7 மணிக்கு நல்லடக்கம் என அறிவித்தோம். அவர் வந்தபோது மணி 8. நாம் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். துபையில் 2 மணி என்றால் இங்கு 3.30 மணி. அந்த ஒன்றரை மணி நேரத்தை நாம் மறந்தோம். அம்மகனின் கண்ணீரை மறக்க இயலவில்லை.

துபைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானம், ஏறி இறங்கும் நேரமும் சேர்த்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இதனைக் கடக்கிறது. நெல்லையிலிருந்து சென்னை சுமார் 650 கிலோமீட்டரே. அதற்கு ரயிலில் ஓர் இரவு கழிகிறது. ஆகவே தூரத்தைக் கொண்டு நேரத்தை மதிப்பிடலாகாது.

வானில் செல்வது நான்கு மணி நேரந்தான். ஆனால் அறையிலிருந்து விமான நிலையம் செல்ல அரை மணி, அங்கு மூன்று மணி நேரம் முன்னதாக இருத்தல், இறங்கியபின் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி, நாகர்கோவில் வழியாக 150 கிலோமீட்டர் சாலைக்கு மூன்றரை மணி. ஆக மொத்தம் பன்னிரண்டு மணி நேரம்! இடையில் விமானம் மாறி வருவோருக்கு இன்னும் கூடும். வாகைக்குளத்தில் ஓடுதளம் நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டுள்ளது. அங்கு வளைகுடா விமானம் இறங்கும் நாள் வருமாயின் இச்சாலை நேரம் ஒரு மணியளவாகச் சுருங்கும்.

எனவே, இனி மவ்த் அறிவிப்புக்கு முன் மூன்றைக் கேட்டறிய நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. எந்த விமான நிலையத்தில் இறங்குகிறார்? டிக்கெட்டில் உள்ள இறங்கும் நேரம் என்ன? (அது இறங்கும் ஊரின் நேரமே, மேலும் கூட்ட வேண்டியதில்லை.) அழைத்துவரக் கார் ஆயத்தமா? இவற்றைக் கூட்டிப் பார்த்தபின் காத்திருக்க இயலாதெனில், அதனை மகனிடம் அவர் புறப்படும் முன்பே கூறிவிடுவோம். வீண் நம்பிக்கையோடு ஒருவரை நான்கு மணி நேரம் வானில் அமர்த்துவது நமக்குத் தகாது.

வெளிநாட்டிலுள்ள சகோதரர்களும் தங்கள் பயண விவரத்தை உறவினர் ஒருவரிடம் எழுத்தில் அனுப்புமாறு அன்புடன் வேண்டுகிறோம்.