விழுந்தால் எழலாம்

(தொடர்கல்வி மையம் ஒன்றில் பேசிய பேச்சு)

 

இன்றைக்கு நான் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எப்படி ஓட்டுவது என்று உங்களுக்கே தெரியும். நான் பேசப் போவது விழுவதைப் பற்றி. சிரிக்காதீர்கள்! இங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கை தூக்குங்கள். சரி. அதில் ஒரு தடவைகூட விழாதவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா? ஒரு கையும் மேலே வரவில்லை.

சைக்கிள் நமக்குச் சாதாரண வண்டி இல்லை. 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்க வழி செய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயலில் வேலை செய்தவர்கள், ஆசிரியைகள் எல்லோரும் பழகினார்கள். பீகார் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு ஒரு திட்டம் வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. அதனால் தூரத்துப் பள்ளிக்குப் பிள்ளைகள் போக முடிந்தது.

ஒரு சைக்கிள் இருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். யாரிடமும் கையேந்த வேண்டாம். ஆனால் ஒரு தடவை பலமாக விழுந்துவிட்டால் என்ன ஆகிறது? காயம் ஆறிவிடுகிறது. பயம் ஆறுவதில்லை. "போதும், இனி ஓட்டாதே" என்று வீட்டில் சொல்கிறார்கள். சைக்கிள் திண்ணை ஓரத்தில் துருப்பிடித்து நிற்கிறது. இது நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில், விழுந்தவரைப் பார்த்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். கழுத்தோ முதுகோ வலித்தால் அசைக்கவே கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்சுக்குக் காசு கிடையாது. மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். புரை ஏறி மூச்சு அடைத்துவிடும்.

சிராய்ப்பு என்றால் சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டு மண் போகக் கழுவுங்கள். காப்பித்தூள், சாணம், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். காயம் சீழ் பிடிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ரண ஜன்னி வராமல் இருக்க ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.

கையோ காலோ வளைந்து வீங்கியிருந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே, மடித்த செய்தித்தாளையோ ஒரு குச்சியையோ அணை கொடுத்துக் கட்டுங்கள். துண்டைக் கழுத்தில் கட்டிக் கையைத் தொங்கவிடுங்கள்.

தலையில் அடிபட்டவரை ஒருநாள் முழுக்கக் கவனிக்க வேண்டும. திரும்பத் திரும்ப வாந்தி, தூங்கி வழிதல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது நீர் வடிதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"உதவி செய்யப் போனால் போலீஸ் நம்மைப் பிடித்துக்கொள்ளுமே" என்று சிலர் ஒதுங்கிப் போகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் வந்தது. சாலை விபத்தில் நல்ல மனதோடு உதவி செய்பவருக்கு அந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இப்போது எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கீரை விற்கும் ஓர் அக்கா. முப்பத்தைந்து வயதில் சைக்கிள் பழகினார். காலையில் மூன்று ஊர் சுற்றிவிட்டு, பத்து மணிக்கு வீடு திரும்பிவிடுவார். ஒருநாள் இறக்கத்தில் வரும்போது ஆடு ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. வண்டி நிற்கவில்லை. சரளைக்கல்லில் விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். ஆறு வாரம் என்றால் என்ன? ஆறு வாரம் கீரை இல்லை. கீரை இல்லை என்றால் காசு இல்லை. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும்.

மாமியார் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிளு? நாளைக்கே வித்துப்புடு."

அக்காவும் தலையை ஆட்டிவிட்டார். அவருக்கும் பயம்.

மறுநாள் மையத்தில் கூடப் படித்த பெண்கள் பார்க்கப் போனார்கள். கையில் சுடச்சுடக் கேழ்வரகு அடை கொண்டு போனார்கள். சாப்பிடச் சொன்னார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள்: "அக்கா, சைக்கிளை வித்தா கை சேந்துருமா? சைக்கிள் இங்கேயே இருக்கட்டும். கை நல்லானப்புறம் யோசிப்போம்."

வழக்கமாக நம் ஊரில் என்ன நடக்கும்? முதல் நாள் இருபது பேர் வருவார்கள். நாலாம் நாள் ஒருவரும் வர மாட்டார்கள். அவர்களுக்கும் வேலை இருக்கிறதே! இந்தப் பெண்கள் அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு தாளில் ஏழு கிழமைகளையும் எழுதினார்கள். தண்ணீர் எடுப்பது, சோறு ஆக்குவது, பிள்ளைக்குத் தலை பின்னுவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதினார்கள். இரண்டு பேர் அவருடைய கீரையை வாங்கி, அவருடைய ஊர்களிலேயே விற்றுக் காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாடிக்கை விட்டுப் போகவில்லை. தாளைச் சுவரில் ஒட்டினார்கள். யாருக்கும் பாரம் அதிகம் இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

நாம் எழுதப் படித்தது எதற்கு? கையெழுத்துப் போட மட்டுமா? அந்தத் தாளைப் பாருங்கள். அதுவும் படிப்புதான். மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய தேதியையும் அக்கா தாமே சீட்டைப் பார்த்துப் படித்தார்.

மூன்றாம் வாரம் மாமியாரே கேழ்வரகு வறுக்க உட்கார்ந்துவிட்டார். "நீங்க சுடுற அடையில உப்பு பத்தலை" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

எலும்பு சேர என்ன சாப்பிட வேண்டும்? எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். எள், முருங்கைக் கீரை, பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன், இவற்றிலும் உண்டு. தசைக்குப் பருப்பு, முட்டை, நிலக்கடலை வேண்டும். காயம் ஆற நெல்லிக்காய், கொய்யா நல்லது. கொஞ்ச நேரம் வெயிலிலும் உட்கார வேண்டும். பீடி, சிகரெட் எலும்பு சேருவதைத் தாமதப்படுத்தும். விட்டுவிட வேண்டும்.

அந்த அடையை எப்படிச் செய்தார்கள்? கேழ்வரகு மாவு இரண்டு கப். ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை. நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. வெந்நீர் தெளித்துப் பிசைய வேண்டும். வாழை இலையில் தட்டி, தோசைக்கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுட வேண்டும். ஒரு கையாலேயே பிட்டுச் சாப்பிடலாம். இனிப்பு வேண்டும் என்றால் எள்ளை வறுத்து, வெல்லம் சேர்த்து இடித்து உருண்டை பிடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது வேண்டாம்.

மாவுக்கட்டு போட்டவர் கவனிக்க வேண்டியது: கையை உயரமாக வைக்க வேண்டும். விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டை நனைக்கக் கூடாது. உள்ளே குச்சி விட்டுச் சொறியக் கூடாது. விரல் நீலமாகி, சில்லிட்டு, மரத்துப்போய், வலி தாங்க முடியாமல் இருந்தால் கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாமதித்தால் கையே போய்விடலாம். வீட்டில் இறுக்கிக் கட்டும் கட்டுக்கும் இது பொருந்தும்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். "எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான், கடைசிவரை கை வளையவே இல்லை" என்று கதை சொல்லாதீர்கள். "என்ன வேலை செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். அது மருந்துக்குச் சமம்.

ஆறு வாரத்தில் அக்காவுக்குக் கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, விறைத்து இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தார். வலித்தது. விடவில்லை. அதற்குள் சைக்கிளுக்குப் புதுப் பிரேக் கட்டை போட்டு வைத்தோம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, முதல் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மறுநாள் பள்ளி மைதானத்தில் ஏறினார். ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். நாலாம் நாள் அவள் கையை விட்டது அக்காவுக்குத் தெரியவே இல்லை.

இப்போதும் கனத்தைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். கீரைக்கட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். இரண்டு நடை போகிறார். ஆனால் போகிறார்.

சைக்கிள் வைத்திருப்பவர்களே, வாரம் ஒருமுறை பிரேக், காற்று, மணி மூன்றையும் பாருங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுங்கள். இறக்கத்தில் மெதுவாகப் போங்கள். இரவில் விளக்கில்லாமல் போகாதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் மையத்தில் கூடிப் பேசுங்கள். உங்கள் ஊரில் இப்போது அடிபட்டுப் படுத்திருப்பவர் யார்? அவர் வீட்டில் எந்த வேலை நின்றுபோய் இருக்கிறது? ஒரு தாளை எடுங்கள். ஏழு கிழமைகளையும் எழுதுங்கள். முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள்.