ஓர் இசைத்தட்டு உருவாகிறது

இசைத்தட்டு என்றவுடன் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவுக்கு வருவது, குழாயின் முன் அமர்ந்து செவி சாய்க்கும் நாயின் படம். பாடகர் பாடுகிறார்; கருவி அதனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; நாம் வீட்டில் அமர்ந்து அதைத் திரும்பக் கேட்கிறோம். இசைத்தட்டு என்பது இவ்வளவே என்று நெடுங்காலம் கருதி வந்தோம். பழைய தட்டின் ஒரு பக்கத்தில் 3 நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் பாட்டு அடங்கும். ஆதலால் விரிவான ஆலாபனையையும் சுருக்கிப் பாட வேண்டிய கட்டாயம் நம் வித்துவான்களுக்கு ஏற்பட்டது. ஆயினும் பாடியது பாடியவாறே பதிவாயிற்று. இடையில் பிசகு நேர்ந்தால், முதலிலிருந்து மறுபடியும் பாடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மேடையில் ஒருபோதும் அவ்வண்ணமே பாட இயலாத ஒரு பாட்டை, அறையினுள் அமர்ந்து சிறிது சிறிதாகக் கட்டி எழுப்பலாம் என்ற நிலை பின்னர் வந்தது. அம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டினை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ‘பீட்டில்ஸ்’ என்னும் ஆங்கிலேய ராக் இசைக் குழுவினர், 1966 நவம்பர் முதல் 1967 ஏப்ரல் வரை லண்டன் நகரில் ஒலிப்பதிவு செய்த ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ என்ற நெடுந்தட்டே அது. சொந்த ஊரைவிட்டு வெளியூரில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு அதில் தனிப்பட்ட அக்கறை கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் லிவர்பூல் துறைமுக நகரத்து இளைஞர்கள். இசையைக் குறியீட்டில் எழுதவோ படிக்கவோ அறியாதவர்கள். செவி ஒன்றையே துணையாகக் கொண்டவர்கள். அவர்களுடைய முதல் நெடுந்தட்டுக்குரிய 10 பாட்டுக்கள் 1963 பிப்ரவரி 11ஆம் நாள் ஒரே நாளில் பதிவாயின. அன்று சளியால் கம்மிப்போன தொண்டையோடு லெனன் கடைசிப் பாட்டைப் பாடி முடித்தார். மேடையில் பாடுவதை அப்படியே அறையில் பாடினர், அவ்வளவுதான்.

நான்கே ஆண்டுகளில் அதே குழுவினர் ஒரு தட்டுக்காக ஏறத்தாழ 700 மணி நேரம் செலவிட்டனர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். ஒரு நாள் எங்கே, ஐந்து மாதங்கள் எங்கே! இம்மாற்றத்திற்குக் காரணம் யாது?

காரணம் மேடையே. 1965 ஆகஸ்ட் 15ஆம் நாள் நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் அவர்கள் பாடியபோது சுமார் 55,000 பேர் கூடினர். கூடியவர்கள் எழுப்பிய கூச்சலில் பாட்டு அமிழ்ந்துபோயிற்று. அக்காலத்து ஒலிபெருக்கிகள் அந்த ஆரவாரத்தை வெல்லும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. தாம் வாசிப்பது தமக்கே கேளாத நிலையில், தாளம் கொட்டிய ரிங்கோ, முன்னால் நிற்கும் தோழர்களின் உடல் அசைவைப் பார்த்தே பாட்டு எவ்விடத்தில் செல்கிறது என்று ஊகிக்க வேண்டியிருந்தது. கேட்க வந்தவர் கேட்கவில்லை. பாட வந்தவர்க்கும் பாட்டுக் கேட்கவில்லை. இதில் இசைக்கு இடம் ஏது?

1966 ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் தில்லியில் இறங்கினர். இங்கேனும் அமைதி கிட்டும் என்று எண்ணியவர்களைக் கூட்டமே வரவேற்றது. ஆயினும் அப்பயணம் வீண்போகவில்லை. கன்னாட் பிளேசில் தமிழன்பர் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் ரிக்கி ராம் வாத்தியக் கடையின் சிதார் ஒன்றை ஹாரிசன் வாங்கிச் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு குழுவினர் ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்தினர். ஹாரிசன் அன்றைய பம்பாய்க்கு வந்து, பண்டிதர் ரவிசங்கரிடம் சிதார் பயின்றார்.

அவர்கள் துணிந்த செயலின் அளவை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேடையை விட்ட இசைக் குழு வாழுமா என்ற ஐயம் அன்று எங்கும் எழுந்தது. குழு கலைந்துவிடும் என்றே பத்திரிகைகள் பேசின. பல மாதங்கள் புதிய தட்டு எதுவும் வெளிவராதபோது அப்பேச்சு வலுத்தது. புகழின் உச்சியில் நின்ற நால்வர், தம் பிழைப்புக்கு ஆதாரமான மேடையைத் துறந்து, ஓர் அறையையும் ஓர் ஒலிநாடாப் பொறியையும் நம்பி உள்ளே புகுந்தனர்.

அவ்வறை, லண்டனில் அபி ரோடு என்னும் தெருவில் இ.எம்.ஐ. நிறுவனம் நடத்திய ஒலிப்பதிவு நிலையத்தில் இருந்தது. ஒலிப்பதிவை நெறிப்படுத்தியவர் ஜார்ஜ் மார்ட்டின். முறையாக இசைக்கல்லூரியில் பயின்றவர். ஓபோ என்னும் குழல் வாசிக்கத் தெரிந்தவர். பொறிகளை இயக்கிய ஜெஃப் எமரிக்கிற்கு அப்போது வயது 21தான்.

அப்பொறியின் இயல்பைச் சற்று விளக்குதல் வேண்டும். ஓர் அங்குல அகலமுள்ள ஒலிநாடாவில், ஒன்றையடுத்து ஒன்றாக நான்கு தடங்கள். ஒரு தடத்தில் தாளத்தைப் பதியலாம், அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் கிதாரைப் பதியலாம், மூன்றில் குரல், நான்கில் வேறொரு வாத்தியம். நான்கும் நிரம்பியபின் என்ன செய்வது? அந்நான்கினையும் சேர்த்து வேறொரு நாடாவின் ஒற்றைத் தடத்தில் இறக்குவர். அந்த நாடாவில் மேலும் மூன்று தடங்கள் காலியாகக் கிடைக்கும். இவ்வாறே பாட்டு அடுக்கடுக்காக வளரும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. குழம்பில் கரைத்த புளியைத் திரும்பப் பிரித்தெடுக்க இயலாதது போன்று, ஒருமுறை ஒன்றாக இறக்கிய ஒலிகளை மீண்டும் தனித்தனியே ஏற்றவோ குறைக்கவோ இயலாது. தாளம் உரத்து ஒலிக்க வேண்டுமா, கிதார் தணிந்து நிற்க வேண்டுமா என்பதை அப்பொழுதே முடிவு செய்தாக வேண்டும். மேலும், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் இரைச்சலும் சிறிது கூடும். இன்று கணினியில் நூற்றுக்கணக்கான தடங்கள் கிடைக்கின்றன. பிடிக்காததை நீக்கிவிட்டு முந்தைய நிலைக்குத் திரும்பவும் இயலுகிறது. அன்று அவ்வசதி இல்லை. இறுதி வடிவம் எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையிலேயே, திருத்த முடியாத முடிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அவர்கள் எடுக்க வேண்டியிருந்தது. அத்தட்டின் அருமை இவ்விடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சில நிகழ்ச்சிகளைச் சொன்னால் இது விளங்கும். அம்மாதங்களில் முதன்முதல் எடுத்துக்கொண்ட பாட்டு லெனனின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. அதை மெல்லிய முறையில் ஒருமுறையும், பித்தளைக் குழல்களும் செலோக்களும் சேர்த்து விரைந்த முறையில் ஒருமுறையும் பதிந்தனர். முதலாவதன் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் தமக்கு வேண்டும் என்றார் லெனன். இரண்டுக்கும் காலப்பிரமாணம் வேறு, சுருதியும் வேறு. மார்ட்டினும் எமரிக்கும் ஒரு நாடாவின் வேகத்தைக் கூட்டி, மற்றதன் வேகத்தைக் குறைத்தனர். வேகம் மாறினால் சுருதியும் மாறும் அன்றோ? காலமும் சுருதியும் ஒருங்கே பொருந்திவந்தன. கத்தரியால் நாடாவை வெட்டி ஒட்டினர். பாட்டுத் தொடங்கி ஏறத்தாழ 1 நிமிடத்தில் வரும் அவ்வொட்டு, சொன்னாலன்றிப் பெரும்பாலோர் செவிக்குப் புலனாகாது. இப்பாட்டையும் அதன் துணைப் பாட்டையும் 1967 பிப்ரவரியில் தனித் தட்டாக வெளியிட்டுவிட்டமையால் அவை நெடுந்தட்டில் இடம்பெறவில்லை. அதற்காக மார்ட்டின் பின்னாளில் மிகவும் வருந்தினார்.

நெடுந்தட்டின் இறுதிப் பாட்டாகிய ‘எ டே இன் தி லைஃப்’ இன்னும் வியப்பானது. லெனன் ஆக்கிய பகுதிக்கும் மெக்கார்ட்னி ஆக்கிய பகுதிக்கும் இடையே 24 தாள அளவுகளை வெற்றிடமாக விட்டனர். அங்கு என்ன வரவேண்டும் என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. குழுவின் உதவியாளர் ஒருவர் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணி, முடிவில் அலாரக் கடிகாரத்தை ஒலிக்கச் செய்தார். அடுத்து வரும் பகுதி துயில் எழுவதைப் பற்றியது. ஆகவே மணியோசை பொருத்தமாய் அமைந்து தட்டிலேயே தங்கிவிட்டது.

அவ்வெற்றிடத்தை நிரப்ப 1967 பிப்ரவரி 10ஆம் நாள் 40 வாத்தியக்காரர்களை வரவழைத்தனர். தத்தம் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்தில் தொடங்கி, 24 அளவுகளுக்குள் உச்ச சுரத்தை எட்டவேண்டும். அருகில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று கவனியாமல் தனித்தனியே ஏறவேண்டும் என்றார் மார்ட்டின். அடுத்தவரோடு இணைந்து வாசிப்பதையே வாழ்நாள் முழுதும் பயின்றவர்களுக்கு இஃது எத்துணைக் கடினமான கட்டளை! இதற்கெனவே இரண்டு நான்கு தடப் பொறிகளை ஒன்றாக இணைத்து ஓட்டினர். வாசிப்பைப் பன்முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியதால், 40 பேர் 160 பேராக ஒலித்தனர்.

இவ்வுழைப்பில் எல்லாருக்கும் சமபங்கு கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. தம் தாளத்தை முதலிலேயே பதிந்துவிட்ட ரிங்கோ மணிக்கணக்கில் காத்திருந்தார். அந்நாட்களில் தாம் சதுரங்கம் ஆடக் கற்றுக்கொண்டதாக அவரே பின்னர்க் கூறினார்.

இனி நமக்கு உரிய செய்திக்கு வருகிறேன். லண்டனில் அப்போது ‘ஏஷியன் மியூசிக் சர்க்கிள்’ என்ற சங்கம் ஒன்று இயங்கிவந்தது. கர்நாடகப் பகுதியிலிருந்து சென்று குடியேறிய அயன அங்காடி என்பவரும் அவருடைய ஆங்கிலேய மனைவியாரும் அதனை நடத்தினர். 1965இல் ஹாரிசனின் சிதார்த் தந்தி ஒலிப்பதிவின்போது அறுந்துவிட, மாற்றுத் தந்திக்கு அச்சங்கத்தாரைத்தான் நாடினர் என்பர். ஹாரிசன் ஆக்கிய ‘விதின் யூ விதவுட் யூ’ என்னும் பாட்டை 1967 மார்ச் 15ஆம் நாள் பதிந்தபோது, அச்சங்கத்தைச் சார்ந்த இந்தியக் கலைஞர்களே தில்ருபாவும் தபலாவும் தம்பூராவும் வாசித்தனர். குழுவின் மற்ற மூவரும் அப்பாட்டில் வாசிக்கவில்லை.

ஏப்ரல் 3ஆம் நாள், 8 வயலின்களும் 3 செலோக்களும் அதனோடு சேர்ந்தன. ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்திற்குத் தில்ருபா வழுக்கிச் செல்லும் நயத்தை, ஏட்டைப் பார்த்து வாசிக்கும் ஐரோப்பியக் கலைஞர்களுக்கு எவ்வாறு உணர்த்துவது? மார்ட்டின் அக்கமகங்களை மேலைநாட்டுக் குறியீட்டில் வரைந்து கொடுத்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடம் மிகவும் உவப்பானது. ஒரு மொழியின் நெளிவு சுளிவை இன்னொரு மொழியின் எழுத்தில் அடக்குவது எளிதன்று. அவ்வயலின்கள் தில்ருபாவைத் தொடர்ந்து செல்வதைக் கேட்பவர், அம்முயற்சி எத்துணை வென்றது என்பதைத் தாமே அறியலாம்.

1967 ஜூன் 1ஆம் நாள் தட்டு வெளிவந்தது. மறு ஆண்டு, ஆண்டின் சிறந்த நெடுந்தட்டு என்ற கிராமி விருதினைப் பெற்றது. அதன் அட்டையில் புகழ்பெற்றோர் பலரின் உருவங்கள் நிறைந்திருந்தன. பரமஹம்ச யோகானந்தர் படமும் அங்கே உண்டு. காந்தியடிகளின் உருவத்தையும் முதலில் சேர்த்திருந்தனர். இந்திய மக்களின் மனம் புண்படுமோ என்று அஞ்சிய நிறுவனத்தார் அதை நீக்கச் செய்தனர். பாட்டுக்களின் சொற்கள் முழுவதும் அட்டையின் பின்புறம் அச்சாயின. ஆனால் அன்று தில்ருபாவும் தபலாவும் வாசித்தவர்களின் பெயர்கள் எங்கும் அச்சாகவில்லை.

அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், நட்வர் சோனி, புத்ததேவ் கன்சாரா என்பன அப்பெயர்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அவற்றை உலகம் அறிந்தது. அயலூரில் வாழ்ந்துகொண்டு, தாம் கொண்டுசென்ற கலையை மறவாது பேணியவர்களின் வாசிப்பு, உலகெங்கும் கோடிக்கணக்கான செவிகளை எட்டியது. வாசித்தவர் இன்னார் என்பது மட்டும் எட்டவில்லை. நாம் வாழும் நகரங்களிலும் சங்க மண்டபங்களிலும் பஜனை மடங்களிலும் இத்தகையோர் உளர். அவர்கள் பெயரை நிகழ்ச்சி நிரலில் அச்சிடுவது பெருஞ்செலவன்று.

இம்முறையே இசைக்கு உகந்தது என்று நான் வாதிடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒருங்கே வாசிப்பதில் உள்ள உயிர்ப்பு வேறு. அதே குழுவினர் 1969 ஜனவரியில், ஒட்டும் வெட்டுமின்றிச் சேர்ந்து வாசித்தே ஒரு தட்டினை உருவாக்க முயன்றனர். அம்முயற்சி இடர்ப்பட்டது. 1970இல் அது வெளிவந்தபோது அதன்மேலும் வாத்தியங்கள் ஏற்றப்பட்டிருந்தன, குழுவும் பிரிந்துபோயிற்று. ஆயினும், ஒரே மூச்சில் பாடியது போன்று நம் செவியில் விழும் பாட்டின் பின்னே எத்தனை கைகள், எத்தனை துணிந்த முடிவுகள் உள்ளன என்பதை அறிந்து கேட்பவர் இன்பம் குறையாது, மிகவே செய்யும்.

வாய்ப்புள்ள நேயர்கள் அத்தட்டின் கடைசிச் சில நொடிகளைச் செவி கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பல பியானோக்களில் பலர் ஒரே கணத்தில் அழுத்திய சுரக்கூட்டு 40 நொடிகளுக்கும் மேலாகத் தேய்ந்து மறையும். ஒலி தேயத் தேய எமரிக் பொறியின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே சென்றார். அதனால், இசை அடங்கும் தறுவாயில் அவ்வறையில் ஒரு நாற்காலி கிறீச்சிடும் ஓசையும் பதிவாகியிருக்கிறது. அதுவும் உங்களுக்குக் கேட்கும்.