வீடு வந்தது, உறுதி எங்கே?

(பதுளையில் கூடிய தோட்டக் கமிட்டித் தலைவர்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நன்றி கூறுவதில் நமக்குக் கஞ்சத்தனம் இல்லை. முதலில் அதைக் கூறிவிடுகிறோம். 2012 ஜனவரியில் இந்திய அரசு இலங்கை அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட 50,000 வீடுகளில் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே 12ஆம் நாள் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2025 அக்டோபர் 12ஆம் நாள், இதோ பக்கத்திலிருக்கும் பண்டாரவளையில், 2,000 பேருக்கு வீட்டு ஆவணங்கள் வழங்கப்பட்டன. வீடொன்றுக்கு 28 இலட்சம் ரூபா இந்திய நன்கொடை. முன்னர் வந்த வீடுகள் பல கடன் வீடுகள். சம்பளத்தில் மாதா மாதம் வெட்டினார்கள். இது கடனன்று, மானியம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறையை அடுக்கி வைத்த மக்களுக்கு இது சிறிய செய்தியா? அன்று.

ஆனால் நன்றி கூறிய அதே வாயால் ஒரு கேள்வியும் கேட்கிறோம். சுவர் நம்முடையது, சுவர் நிற்கும் மண் யாருடையது?

சட்டப் புத்தகத்தைச் சற்றுப் புரட்டுவோம். 1840ஆம் ஆண்டிலே வெள்ளையர் அரசு இரண்டு கட்டளைச் சட்டங்களை இயற்றிற்று. 12ஆம் இலக்கச் சட்டம் காட்டையும் தரிசையும், உரிமை காட்டப்படாத நிலங்களையும், முடிக்குரியவை எனக் கொண்டது. அவ்வாறு எடுக்கப்பட்ட மலைகளே கோப்பித் தோட்டமாயின. பின்னர் தேயிலைத் தோட்டமாயின. 1818இல் போராடித் தோற்ற ஊவாவின் சிங்கள விவசாயியும் இதில் இழந்தவனே என்பதை நாம் மறப்பதற்கில்லை. 7ஆம் இலக்கச் சட்டமோ, காணியைக் கைமாற்றுவதாயின் எழுத்தில், நொத்தாரிசின் முன், இரு சாட்சிகளோடு செய்ய வேண்டுமென்று விதித்தது. துரைமார் காணியை வாங்கியதும் விற்றதும் அந்த எழுத்தின் வலிமையால். அந்த மண்ணைத் திருத்தியவனுக்கு எழுத்து இல்லை. செக்ரோலில் பேர் மட்டுமே இருந்தது.

1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பெருந்தோட்டங்களில் பல கம்பெனிகளின் கையில் 53 ஆண்டுக் குத்தகைக்குப் போயின, 2045இல்தான் முடியும். மண் அரசுக்கு, குத்தகை கம்பெனிக்கு, கொழுந்து எடுப்பது நமக்கு! இந்த நிலையில் நன்கொடை வீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர், கையிலுள்ள காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டாமா? அதில் அளவைப் படத்தின் இலக்கம் உண்டா? நான்கு எல்லைகள் உண்டா? அரசு அளிக்கும் காணியாயின் அளிப்புப் பத்திரம் உண்டா? பதுளைக் காணிப் பதிவகத்தில் அது பதியப்பட்டதா? கணவன் பேர் மட்டுமா, கொழுந்துக் கூடை சுமந்த மனைவியின் பேரும் உண்டா? இவையெல்லாம் இல்லாத காகிதம் பயனாளி என்பதற்குச் சான்றாகலாம்; உறுதியாகாது. உறுதி இல்லாதவர் வீட்டை வங்கியில் ஈடு வைக்க முடியாது. பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. மகன் கொழும்பில் கடையில் வேலை பார்க்கிறான், தாய் ஓய்வு பெற்றுவிட்டாள், தோட்டத்தில் பேர் போட ஆளில்லை என்ற நாளில், வீடு யாருடையது என்ற வழக்கு வாசலுக்கு வந்துவிடும்.

மண் இல்லாமையால் உயிர் போன கதையை நாம் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தை மலை சரியக்கூடியது என்று 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை இறங்கி லயங்களை மூடிற்று. "போகச் சொன்னோமே, ஏன் போகவில்லை?" என்று பின்னர் கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? போவதற்குச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் யாரிடம் இருந்தது? தப்பியவர்கள் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் காலந்தள்ளினார்கள். 75 வீடுகள் கைக்கு வர 2016 ஆயிற்று. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பெருஞ்சேதம் கண்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இப்போது புயல் நிவாரணமென்றும் மீள்குடியேற்றமென்றும் மேலும் பணம் வரும், வரட்டும். பணத்தைப் பற்றிய பேச்சுக்கு முன் பாதுகாப்பான நிலத்தைப் பற்றிய பேச்சு நடக்க வேண்டும். அந்த நிலம் தேயிலை நன்றாக விளைகிற நிலமாயிருந்தாலும் சரியே.

வீட்டுக்கு வெளியே வாருங்கள். கான், தெருவிளக்கு, பாதை! 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குச் செலவிடத் தடையாயிருக்கிறதென்று சொல்லிச் சொல்லியே காலங்கழித்தார்கள். வாக்கு நம்முடையது, கான் மட்டும் தோட்டத்துடையது! 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. இனியும் அந்தப் பல்லவியைப் பாடும் உறுப்பினர் உங்கள் தோட்டத்துக்கு வந்தால் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்தது பட்டியல். யார் பேர் சேர்ந்தது, யார் பேர் விடுபட்டது என்பது தலைவர் ஒருவரின் சட்டைப்பையில் இருக்கக்கூடாது. அவர் நம் சங்கத்துத் தலைவராயிருந்தாலும் நாம் இதையே கூறுவோம். பட்டியல் தோட்டத்துக் கோவில் சுவரிலோ பிள்ளைக்காம்பரா வாசலிலோ ஒட்டப்பட வேண்டும். ஒட்டவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்பதற்கில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு கூற வேண்டும். இது பிரஜைக்கு மட்டுமே உள்ள உரிமை. 1947இல் பதுளைத் தொகுதி எஸ். எம். சுப்பையா அவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதும், அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கச் சட்டத்தால் நம்மவர் பிரஜாவுரிமை பறிபோனதும், 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அதன் மிச்சம் இழுபட்டதும் இங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற உரிமையைப் பெட்டியில் பூட்டி வைப்பதா?

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் ஐவர் கொண்ட வீட்டுக் கமிட்டி அமைப்போம். ஐவரில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். முதல் வேலை, கைக்கு வந்திருக்கும் காகிதங்களை எல்லாம் படியெடுத்து ஓரிடத்தில் சேர்ப்பது. இரண்டாவது வேலை, பேர் விடுபட்டோரை லயம் லயமாகச் சென்று எழுதுவது. விண்ணப்பப் படிவங்கள் மண்டப வாசல் மேசையில் இருக்கின்றன. எழுத உதவச் சட்டத்தரணி நண்பர்கள் இருவர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். மடுல்சீமைக்காரர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. அவர்கள் முதலில் எழுதிக்கொள்ளட்டும்.